ஆறு நிமிட வைத்தியத்துக்கு ஆறு மணி நேரம்: சிறு மருத்துவமனையில் காத்திருப்பைக் குறைக்கும் வழி

என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் பாதித் தாள் ஒன்று இருக்கிறது. ஏற்காட்டைத் தாண்டி நாகலூரிலிருந்து வந்த ஒரு பாட்டியின் ஓ.பி. சீட்டோடு குத்தி அனுப்பிய தாள். பதிவு 9.40. சீட்டு கைக்கு வந்தது 9.52. எடை, ரத்த அழுத்தம் 11.05. டாக்டர் அறைக்குள் 12.20. வெளியே 12.26. ரத்தம் எடுத்தது 12.55. ரிசல்ட் 3.10. அதற்குள் டாக்டர் கிளம்பிவிட்டார். "நாளைக்கு வந்து காட்டிக்கொள்ளுங்கள், பாட்டி" என்று 3.40 மணிக்கு அவரை அனுப்பிவைத்தோம்.

"நாளைக்கும் வந்தால் எனக்கும் மகனுக்கும் சேர்த்து இன்னும் இரண்டு கூலி போகும், அம்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். காப்பித் தோட்டத்தில் தினக்கூலிக்குப் போகிறவர்கள். விடியும் முன் கிளம்பி, 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி வந்தது அந்த ஆறு நிமிடத்துக்காக. அதில் டாக்டர் எந்தக் குறையும் வைக்கவில்லை. மீதி நேரம் முழுவதற்கும் நிர்வாகம்தான் பொறுப்பு. நிர்வாகம் என்றால் நான்.

சேலத்தில் 30 படுக்கைகள் கொண்ட ஒரு மருத்துவமனையை நிர்வகிக்கிறேன். 2003-இல் இங்கே டோக்கன் கொடுக்கும் பெண்ணாகத்தான் சேர்ந்தேன். அப்பா அம்மாப்பேட்டையில் தறி நெய்தவர். அவர் ஒரு நாள் மருத்துவமனைக்குப் போனால் அந்த வாரச் சேலை தள்ளிப்போகும், கூலியும் தள்ளிப்போகும். காத்திருப்பதற்கும் விலை உண்டு என்பதை நான் வீட்டிலேயே கற்றேன். ஆனால் அலுவலக நாற்காலியில் உட்கார்ந்த பிறகு மறந்துபோயிருந்தேன். அந்தத் தாள்தான் நினைவூட்டியது. புதுக் கட்டடம், புதுக் கருவி, கணினி மென்பொருள் என்று பணத்தைக் கொட்டும் முன் ஒரு சிறு மருத்துவமனை செய்யக்கூடியவற்றை, நாங்கள் செய்து பார்த்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் நேரத்தை எழுதுங்கள்

ஒரு ஏ4 தாளை இரண்டாகக் கிழித்தால் போதும். நோயாளி நிற்கும் இடங்களை வரிசையாக எழுதி, எதிரே நேரத்துக்கு இடம் விடுங்கள். பதிவு மேசை, எடை பார்க்கும் இடம், டாக்டர் அறை உள்ளே, வெளியே, லேப், ரிசல்ட், மருந்தகம், வாசல். ஓ.பி. சீட்டோடு சேர்த்துக் குத்திவிடுங்கள். அந்தந்த இடத்தில் இருப்பவர் நேரத்தை எழுத வேண்டும். கடைசியில் வாசலில் காவலாளி தாளை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

தொடங்கும் முன் எல்லாச் சுவர்க் கடிகாரங்களையும் ஒரே நேரத்துக்குத் திருத்துங்கள். எங்கள் மருந்தகக் கடிகாரம் ஏழு நிமிடம் பின்தங்கி ஓடியது. முதல் நாள் கணக்கில் சில நோயாளிகள் லேபிலிருந்து கிளம்பும் முன்பே மருந்து வாங்கியிருந்தார்கள்! அந்த நாள் தாள்கள் அத்தனையும் வீணாயின.

ஊழியர்கள் பயப்படுவார்கள். யார் தாமதம் செய்கிறார் என்று பிடிக்கத்தான் இந்த ஏற்பாடு என்று நினைப்பார்கள். பயந்தவர்கள் எழுதும் நேரம் எப்போதும் 10.00, 10.15, 10.30 என்று முழு எண்ணாகவே இருக்கும். தாளில் ஊழியர் பெயர் இருக்காது, இதை வைத்து யாரையும் கேள்வி கேட்க மாட்டேன் என்று எல்லோரையும் கூட்டிவைத்துச் சொல்லுங்கள். பிறகு சொன்ன சொல்லைக் காப்பாற்றுங்கள். ஒரு முறை தவறினாலும் அதன்பின் உண்மையான நேரம் உங்கள் கைக்கு வராது.

ஒரே நாளில் எடுத்த கணக்கு ஏமாற்றும். எங்களுக்குத் திங்கட்கிழமை கூட்டம் வழியும். அமாவாசையன்று குறையும், மறுநாள் அதற்கும் சேர்த்து வருவார்கள். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை நாட்களில் ஓ.பி. காலியாகவே இருக்கும். ஆகவே கூட்டமான நாள், சாதாரண நாள், சனிக்கிழமை என்று மூன்று நாளாவது எழுதுங்கள்.

தாள்கள் சேர்ந்ததும் ஒவ்வொன்றிலும் இரண்டு எண்களைக் கூட்டுங்கள். நோயாளிக்காக யாராவது வேலை செய்த நேரம் ஒன்று. அவர் வெறுமனே உட்கார்ந்திருந்த நேரம் இன்னொன்று. சராசரியை மட்டும் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். மிக நீண்ட நேரம் காத்திருந்தவரின் தாளைத் தனியே எடுத்து, வரிவரியாக ஊழியர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். நாகலூர்ப் பாட்டியின் தாளை நான் படித்தபோது, லேப் பெண் தானாகவே எழுந்து, "பன்னிரண்டு மணிக்கு மேல் வரும் சாம்பிள்களைச் சேர்த்துவைத்துத்தான் கருவியில் போடுகிறேன், அக்கா. இனி அப்படிச் செய்ய வேண்டாமா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை எந்தச் சுற்றறிக்கையாலும் வரவழைத்திருக்க முடியாது.

நாற்காலி வாங்காதீர்கள்

கூடத்தில் இடமில்லை என்றதும் நாற்காலி வாங்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. 1961-இல் ஜான் லிட்டில் என்ற அமெரிக்க அறிஞர் கணித முறையில் நிறுவிய எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. உள்ளே இருப்பவர்களின் எண்ணிக்கை என்பது, மணிக்கு எத்தனை பேர் வருகிறார்களோ அதை, ஒருவர் சராசரியாக எத்தனை மணி நேரம் இருக்கிறாரோ அதனால் பெருக்கினால் வருவது. மணிக்கு 20 பேர் வந்து, ஆளுக்கு 2 மணி நேரம் இருந்தால், எந்நேரமும் 40 பேர் கூடத்தில் இருப்பார்கள். அதையே 1 மணி நேரமாகக் குறைத்தால் 20 பேர்தான். துணைக்கு வருகிறவர்களையும் சேர்த்தால் இரட்டிப்பு. இடம் போதவில்லை என்பது பெரும்பாலும் நேரம் வீணாகிறது என்பதன் வெளித்தோற்றம். நாங்கள் நாற்காலிக்கு ஒதுக்கிய பணத்தில் லேபுக்கு ஒரு பகுதிநேர உதவியாளரை அமர்த்தினோம்.

எல்லோரையும் 9 மணிக்கு வரச் சொல்வது

இதுதான் நம் மருத்துவமனைகளின் மிகப் பெரிய நோய் என்பேன். டாக்டர் ஒரு நொடிகூடச் சும்மா இருக்கக் கூடாது என்பதற்காக நாற்பது பேரை ஒன்றாக வரவழைத்து உட்கார வைக்கிறோம். 1952-இலேயே இங்கிலாந்தில் பெய்லி, வெல்ச் என்ற இருவர் வெளிநோயாளர் வரிசையை ஆராய்ந்து ஒரு வழி சொன்னார்கள்: தொடக்கத்தில் இரண்டு பேரை வரச் சொல்லுங்கள், பிறகு ஒருவரைப் பார்க்க ஆகும் நேரத்துக்கு ஒருவராக வரச் சொல்லுங்கள். யாராவது தாமதமானாலும் டாக்டருக்கு வேலை நிற்காது, கூட்டமும் சேராது.

பஸ்ஸை நம்பி வருகிறவரிடம் 9.36-க்கு வாருங்கள் என்று சொல்ல முடியாது. ஆகவே அரை மணி நேரத்துக்கு ஒரு கட்டு என்று பிரித்தோம். எங்கள் டாக்டருக்கு ஒருவரைப் பார்க்க ஆறு நிமிடம் என்றால், அரை மணிக்கு ஐந்து பேர். அந்த ஐந்தில் நான்கு டோக்கனை மட்டுமே முன்கூட்டிக் கொடுப்போம். ஒன்று காலியாகவே இருக்கும். காய்ச்சலோடு தூக்கி வரும் குழந்தைக்கும், டோக்கன் வாங்கத் தெரியாமல் வந்து நிற்பவருக்கும் உரியது அது. முதல் கட்டில் மட்டும் ஒருவர் கூடுதல். காலியாக இருக்கும் அந்த இடத்தை நிரப்பிவிடச் சொல்லி எல்லாப் பக்கத்திலிருந்தும் அழுத்தம் வரும். விட்டுக்கொடுத்தால் முதல் அவசர நோயாளி வந்ததும் அன்றைய வரிசை முழுவதும் சரிந்துவிடும்.

எந்தக் கட்டை யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் எங்கள் ஊருக்கே உரிய ஒரு மாற்றத்தைச் செய்தோம். முன்பெல்லாம் யார் முதலில் போன் செய்கிறாரோ அவருக்கு முதல் டோக்கன். பார்ப்பதற்கு நியாயம்தான். ஆனால் பத்து நிமிடத்தில் வந்துவிடக்கூடியவர் முதல் டோக்கனை எடுத்துக்கொள்ள, மலையிலிருந்து வருகிறவருக்குக் கடைசி டோக்கன் கிடைத்தது. இப்போது பதிவு மேசையில் முதல் கேள்வி "எந்த ஊர்?" இரண்டாவது, "எந்த பஸ்ஸில் வருவீர்கள்?" ஏற்காடு மலைக் கிராமங்கள், வாழப்பாடி, ஆத்தூர்ப் பக்கம் என்றால் 10.30 முதல் 12 வரை உள்ள கட்டுகள். லேப் ரிசல்ட் வந்து, டாக்டரை மறுபடி பார்த்துவிட்டு, பகல் வெளிச்சத்திலேயே வீடு போய்ச் சேரலாம். செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பக்கம் கொலுசுப் பட்டறையில் இருப்பவர்களுக்குச் செய்த வேலைக்குத்தான் கூலி. பகலில் எழுந்து வந்தால் நஷ்டம். அவர்களுக்கு மாலை 6 மணிக்கு மேல். கேட்டுப் பார்த்தால் தெரியும்: முதல் டோக்கன் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் மிகவும் குறைவு. சொன்ன நேரத்தில் பார்ப்பார்கள் என்ற நம்பிக்கை இல்லாததால்தான் எல்லோரும் விடியலிலேயே வந்து நிற்கிறார்கள்.

இதற்கு டாக்டர் நேரத்துக்கு வர வேண்டும். நிர்வாகிகள் பலரும் தொடத் தயங்கும் இடம் இதுதான். புகாராகப் போகாதீர்கள், தாள்களோடு போங்கள். நான் பத்துத் தாள்களை டாக்டர் முன் வைத்து, "வார்டு ரவுண்ட்ஸ் 9 மணிக்குத் தொடங்குவதால் ஓ.பி. 10.10-க்குத்தான் தொடங்குகிறது, சார். ரவுண்ட்ஸை 8 மணிக்கு வைத்துக்கொண்டால் நர்ஸ்கள் கேஸ் ஷீட்டோடு தயாராக நிற்பார்கள்" என்றேன். அவர் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நான் வந்தபோது ஒரு நாளாவது தயாராக நின்றிருக்கிறார்களா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதைச் சரிசெய்ய இரண்டு வாரம் ஆனது. பிறகு அவரும் மாறினார்.

டாக்டரைப் பார்க்கும் முன்பே ரத்தம்

சர்க்கரை நோய்க்காகத் தொடர்ந்து வருகிறவர்களுக்கு அடுத்த முறை என்ன பரிசோதனை வேண்டும் என்பது இந்த முறையே டாக்டருக்குத் தெரியும். அதை ஓ.பி. சீட்டிலேயே எழுதிக் கையெழுத்திட்டுவிட்டால், அடுத்த முறை வந்ததும் நேராக லேபுக்குப் போகலாம். ரிசல்ட்டோடு டாக்டரைப் பார்க்கலாம். இரண்டு முறை பார்க்கும் வேலை ஒரு முறையாகும். எங்கள் காத்திருப்பில் மிகப் பெரிய துண்டு குறைந்தது இந்த ஒரு மாற்றத்தால்தான்.

பதிவு மேசையில் இருப்பவர்களுக்கு ஒன்றைக் கட்டாயம் கற்றுக்கொடுங்கள். கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரை அளவைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை. எங்களிடம் போனில், "ரத்தப் பரிசோதனையா? சாப்பிடாமல் வாருங்கள்" என்று எல்லோருக்கும் ஒரே பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுக்கும் முதியவர், சாப்பிடாமல் மலைப் பாதையில் பஸ்ஸில் வந்தால் சர்க்கரை இறங்கி மயங்கி விழலாம். இப்போது போன் பக்கத்தில் ஒரு அட்டை தொங்குகிறது: எந்தப் பரிசோதனைக்குச் சாப்பிடலாம், எதற்குக் கூடாது, மருந்து விஷயத்தில் யாரைக் கேட்டுச் சொல்ல வேண்டும். டாக்டர் பார்த்துக் கையெழுத்திட்ட அட்டை. உணவுக்குப் பிந்தைய சர்க்கரைக்குச் சாப்பிடத் தொடங்கிய நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் என்பதையும் அதில் எழுதியிருக்கிறோம். சாப்பிட்டு முடித்த நேரத்தைச் சொல்கிறவர்கள்தான் அதிகம்.

அரவிந்திடம் நான் எடுத்துக்கொண்டது

மருத்துவமனை நிர்வாகம் என்று பேசினாலே மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சொல்வார்கள். அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பின், 1976-இல் 11 படுக்கைகளோடு டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கியது. 1992-இல் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸைத் தயாரிக்க ஆரோலேப் என்ற நிறுவனத்தையே தொடங்கி, வெளிநாட்டு லென்ஸைவிட மிகக் குறைந்த விலையில் கொடுத்தார்கள். நம்மால் லென்ஸ் தொழிற்சாலை தொடங்க முடியாது. ஆனால் அவர்களின் அறுவை அரங்கில் அருகருகே இரண்டு மேசைகள் இருக்கும். ஒன்றில் அறுவை நடக்கும்போதே அடுத்த மேசையில் அடுத்த நோயாளியைத் தயார் செய்துவிடுவார்கள். கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து இரண்டு ஆண்டு பயிற்சி கொடுத்து, டாக்டர்தான் செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லாத வேலைகளை அவர்களிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். இதை 30 படுக்கை மருத்துவமனையிலும் செய்யலாம்.

பழைய கோப்புகள் அடைந்து கிடந்த அறையைக் காலி செய்து, டாக்டருக்கு அடுத்தடுத்து இரண்டு அறைகள் கொடுத்தோம். ஒன்றில் அவர் நோயாளியைப் பார்க்கும்போது, அடுத்த அறையில் நர்ஸ் எடை, ரத்த அழுத்தம் பார்த்து, எடுத்துவந்த மாத்திரைகளை மேசையில் அடுக்கி வைத்துவிடுவார். முன்பு அந்த நேரத்தை மிச்சப்படுத்த, அடுத்த நோயாளியை உள்ளேயே ஸ்டூலில் உட்கார வைக்கும் வழக்கம் இருந்தது. அந்த வழக்கம் இன்னும் உங்களிடம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். வெள்ளைப்படுதலைப் பற்றி, வீட்டில் வாங்கும் அடியைப் பற்றி, ஸ்டூலில் ஓர் அந்நியர் உட்கார்ந்திருக்கும்போது எந்தப் பெண் வாய் திறப்பாள்? வயிற்று வலி என்று சொல்லி மாத்திரை வாங்கிக்கொண்டு போய்விடுவாள்.

வேகத்தோடு ஒரு ஆபத்தும் வரும். வரிசை விரைவாக நகரும்போது ஆள் மாறும். ஒரே காலையில் எங்களிடம் மூன்று லட்சுமிகள் வருவார்கள். "லட்சுமியா?" என்று கேட்டால், காது மந்தமான அம்மா எதற்கும் தலையாட்டுவார். "உங்கள் பெயர் என்ன, அம்மா? வயது என்ன?" என்று கேட்டு, அவர் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். பெயர் ஒன்று, அதோடு வயதோ ஓ.பி. எண்ணோ இன்னொன்று. இந்த இரண்டும் ஒத்துப்போகாமல் ஊசியும் போடக் கூடாது, ரத்தமும் எடுக்கக் கூடாது. இதற்கு ஐந்து நொடி ஆகும். மிச்சம் பிடிக்கவே கூடாத ஐந்து நொடி.

மருந்து ஸ்டாக்

வரிசையின் கடைசி முடிச்சு மருந்தகம். நோயாளி எல்லாம் முடித்து வந்து நிற்கும்போது "இந்த மாத்திரை இல்லை, நாளை வரும்" என்றால் அதுவரை செய்த அத்தனையும் பாழ்.

மருந்துகளை முதலில் மூன்றாகப் பிரியுங்கள். இல்லாவிட்டால் உயிர் போகும் என்பவை, இல்லாவிட்டால் சிகிச்சை தடுமாறும் என்பவை, இருந்தால் நல்லது என்பவை. முதல் வகை ஒரு நாளும் தீரக் கூடாது; நர்ஸ் ஒவ்வொரு ஷிப்டிலும் எண்ணிப் பார்க்க வேண்டும். மற்றவற்றுக்கு எப்போது ஆர்டர் போடுவது என்று கணக்கு வையுங்கள். மெட்பார்மின் 500 மி.கி. நாளுக்கு 120 மாத்திரை போகிறது, மொத்த விற்பனையாளர் கொண்டுவர 3 நாள் ஆகும், எதிர்பாராததற்கு இன்னும் 4 நாள் என்று வைத்தால், 840 மாத்திரை மிஞ்சும்போதே ஆர்டர் போக வேண்டும். அந்த எண்ணை அலமாரி விளிம்பில் ஒட்டிவிட்டோம். புதிதாகச் சேர்ந்த பையனும் பார்த்துச் சொல்லிவிடுவான். காலாவதி தேதி முன்னால் வருவது முன்னால், பின்னால் வருவது பின்னால்.

வார்டுகளுக்கு மருந்து போகும் கணக்கில் அரசிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டேன். 1994-இல் அமைந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு மருத்துவமனை ஒவ்வொன்றுக்கும் பாஸ்புக் கொடுத்திருக்கிறது. ஒதுக்கிய தொகைக்குள் கிடங்கிலிருந்து எடுக்கும் மருந்து அதில் பதிவாகும். எங்கள் ஒவ்வொரு வார்டுக்கும் அதே போல ஒரு பாஸ்புக். எந்த வார்டில் எது தேவைக்கு மேல் தேங்குகிறது என்று மாதக் கடைசியில் தெரிந்துவிடும்.

சில ஆன்டிபயாட்டிக்குகள் உள்ளிட்ட எச்1 பட்டியல் மருந்துகளுக்கு, அதாவது சட்டம் கூடுதல் கட்டுப்பாடு வைத்திருக்கும் மருந்துகளுக்கு, தனிப் பதிவேடு வேண்டும். அதை மூன்று ஆண்டு பாதுகாக்க வேண்டும். தடுப்பூசி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், ஃப்ரிட்ஜ் கதவில் வைக்கக் கூடாது. இவற்றில் விளக்கத்துக்கோ விட்டுக்கொடுப்பதற்கோ இடமில்லை.

ஒரு நேரத்தில் ஒன்று

மேலே சொன்ன எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் தொடங்கினால் எது பலன் தந்தது, எது கெடுத்தது என்று தெரியாது. ஒரு டாக்டர், ஒரு மாற்றம், ஒரு வாரம். பிறகு மறுபடி பாதித் தாள். நாங்கள் வார்டு டிஸ்சார்ஜையும் காலையிலேயே முடிக்கப் பார்த்தோம். பில் மேசையில் ஓ.பி. கூட்டமும் டிஸ்சார்ஜ் கூட்டமும் மோதிக்கொண்டன. மூன்றாம் நாளே நிறுத்திவிட்டோம். வருத்தம்தான், ஆனால் மூன்று நாளோடு போயிற்று. மூன்று மாதத்துக்கு ஒரு முறை தாளை மறுபடி குத்துகிறோம். கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய வழக்கம் திரும்பி வரும் இடங்கள் அதில் தெரியும்.

மென்பொருள் கடைசியில் வாங்கினோம். தாளில் ஒழுங்குக்கு வராத வரிசை கணினியில் வராது என்பது என் அனுபவம்.

இன்னொன்று சொல்ல வேண்டும். பதிவு மேசைக்குப் பின்னால் ஒரு கரும்பலகையில் ஏற்காடு, ஆத்தூர், ஓமலூர், மேட்டூர்ப் பக்கம் போகும் பஸ் நேரங்களை எழுதி வைத்திருக்கிறோம். பிற்பகல் பஸ் நெருங்கினால் அந்தப் பக்கத்து நோயாளியின் ரிசல்ட்டை லேப் முன்னால் எடுத்துப் போடும். எங்கள் காவலாளி அண்ணன் மாதம் ஒரு முறை பஸ் நிலையத்துக்கே போய் நேரம் கேட்டுவந்து, சாக்பீஸால் திருத்தி எழுதுகிறார். நேரம் மாறிய பஸ்ஸை மட்டும் சிவப்பில் எழுதுவார்.